நூலும் கஞ்சியும் ஆராய்ந்த ஆன்செல்ம் பாயேன்

உலகத்தார் போற்றும் பெரியோர் சரிதங்களுள் வீரர், கவிஞர், சமயத் தலைவர் ஆகியோரின் சரிதங்களே பலராலும் விரும்பிப் படிக்கப்படுகின்றன. தொழிற்சாலையின் புகைக்கும் ஆவிக்கும் இடையில் நின்று, மக்கள் நாடோறும் உண்பதும் உடுப்பதுமாகிய பொருள்களை ஆராய்ந்த அறிஞரின் வரலாறோ, அவர்தம் நூல்களோடு நூலகத்தின் மூலையில் உறங்குகின்றது. ஆன்செல்ம் பாயேன் என்னும் பிரெஞ்சு அறிஞரின் பெயரை, இரசாயனம் பயிலும் நம் மாணவர் பாடநூலில் ஒரு வரியாகக் காண்பர். தேர்வு முடிந்ததும் மறப்பர். ஆயினும் அவர் கண்ட இரண்டு உண்மைகளின் துணையின்றி, நாம் உடுத்தும் பருத்தியாடை நூலாகித் துணியாகி வெள்ளையாகும் வகையை விளக்குதல் இயலாது. ஆகலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைய முற்பட்டோம்.

கோவையினின்று திருப்பூருக்குச் செல்லும் வழியிலுள்ள சோமனூரை நம் மாணவருட் பலர் அறிவர். திருப்பூர் பின்னலாடைக்குப் பெயர் பெற்றது போலச் சோமனூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் விசைத்தறிக்குப் பெயர் பெற்றவை. பின்னலாடைக்குப் பாவும் இல்லை, கஞ்சியும் இல்லை. தறியில் நெய்யும் காடாத்துணியின் நிலை வேறு. ஒற்றை இழைப் பருத்திப் பாவுக்குக் கஞ்சியிடாமல் அதனைத் தறியிலேற்றுவார் இல்லை. நெய்து முடிந்தபின் அக்கஞ்சியை அகற்றாமல் துணியை வெளுப்பாரும் சாயமிடுவாரும் இல்லை. கஞ்சியை நூலின்மேல் ஏற்றுதலும், பின்னர் நூலுக்குத் தீங்கு நேராமல் இறக்குதலும் ஆகிய இவ்விரண்டு செயலுக்கும் அடிப்படையான அறிவை உலகுக்கு வழங்கியவருள் முதன்மையானவர் பாயேன். சோமனூரைக் கண்ணாற் காணாத அவரது வாழ்க்கையை, சோமனூர்த் தறியொலியை நினைவிற்கொண்டே யாம் எழுதுகின்றோம்.

இளமையும் கல்வியும்

பாயேன் 1795-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். அது பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பு அடங்காத காலம். தற்கால இரசாயன நூலின் தந்தை எனப் போற்றப்படும் லவாய்சியர் கொலைக்களத்தில் உயிர் துறந்து எட்டுத் திங்களே கழிந்திருந்தன. பாயேனின் தந்தையார் பாரிஸுக்கு அண்மையில் நவச்சாரம் முதலிய இரசாயனப் பொருள்களைச் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். அவர் தம் மகனுக்கு இளமையில் தாமே ஆசானாக அமைந்து கல்வி புகட்டினார். பிற சிறுவர் எழுத்துப் பலகையிற் கற்ற காலத்தில், பாயேன் கொதிக்கும் கொப்பரைகளையும் வடிகட்டும் துணிகளையும் பார்த்துக் கற்றார் எனின் மிகையாகாது.

பின்னர் அவர் அக்காலத்துப் பேரறிஞர்களான வோக்லன், ஷெவ்ரல் என்போரிடம் இரசாயனம் பயின்றார். வோக்லன் குரோமியம் என்னும் உலோகத்தைக் கண்டறிந்தவர். ஷெவ்ரல் கொழுப்புக்களின் இயல்பை ஆராய்ந்து, பிற்காலத்தில் பாரிஸிலுள்ள அரசாங்கச் சாயச்சாலைக்குத் தலைவராகி, நூறாண்டைக் கடந்து வாழ்ந்தவர். இத்தகைய ஆசிரியரிடம் பயின்ற பாயேனுக்கு, நூலறிவும் தொழிலறிவும் இருவேறு துறைகளாகத் தோன்றாதது வியப்பன்று.

வெண்காரமும் சர்க்கரையும்

இருபது வயதைக் கடந்த இளைஞராயிருந்தபோதே வெண்காரம் தூய்மை செய்யும் தொழிற்சாலை ஒன்றன் பொறுப்பு அவரிடம் வந்தது. பொற்கொல்லர் பொன்னைப் பற்றவைக்கும்போது இடும் வெண்காரத்தை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். அக்காலத்தில் ஐரோப்பியருக்கு வேண்டிய வெண்காரம் கீழ்நாடுகளிலிருந்தே சென்றது. அவ்வாணிகம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. பாயேன் போரிக் அமிலத்தையும் சோடாவையும் சேர்த்து வெண்காரத்தைச் செயற்கையாக ஆக்கும் முறையை வகுத்தார். சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கே அதனை அவர் விற்கலானார். ஒல்லாந்தரின் தனியுரிமை தகர்ந்தது.

அடுத்து அவர் கருத்தைக் கவர்ந்தது பீட்ரூட் சர்க்கரை. நெப்போலியன் காலத்துப் போர்களினால் கரும்புச் சர்க்கரை வரும் கடல்வழி அடைபட்டமையின், பிரெஞ்சுக்காரர் பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கத் தலைப்பட்டிருந்தனர். அச்சாறு கருத்திருக்கும், அதனை வெள்ளையாக்குதல் அரிதாயிருந்தது. எலும்பைக் காற்றுப்புகாமல் சுட்டு நவச்சாரத்துக்குரிய ஆவியை எடுத்தபின் எஞ்சுவது கரி. அவ்வெலும்புக்கரி சாற்றின் நிறத்தை ஈர்த்துக்கொள்ளும் தன்மையைப் பாயேன் நுணுகி ஆராய்ந்து, 1822-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். கரியின் நிறம் ஈர்க்கும் ஆற்றலை அளப்பதற்கு ஒரு கருவியும் அமைத்தார். ஒரு தொழிலின் கழிபொருள் மற்றொரு தொழிலுக்கு முதலாகும் என்னும் உண்மையை அவர் இளமையிலேயே கண்டுகொண்டார்.

முளைத்த தானியத்தின் மறைபொருள்

உருளைக்கிழங்கிலிருந்து மாவும் அம்மாவிலிருந்து சாராயமும் எடுக்கும் தொழிலிலும் பாயேன் ஈடுபட்டார். அதனால் மாச்சத்து எவ்வாறு சர்க்கரையாக மாறுகின்றது என்னும் வினா அவர்முன் எழுந்தது. 1811-ஆம் ஆண்டளவில் ருஷ்யத் தலைநகரிலிருந்த கிர்க்காப் என்னும் இரசாயனி, மாச்சத்தைக் கந்தக அமிலம் கலந்த நீரிற் காய்ச்சினால் அது சர்க்கரையாவதைக் கண்டார். சில ஆண்டுகளில், முளைத்த தானியமும் அதே மாறுதலைச் செய்யும் என்பதையும் அவர் தெரிவித்தார். அமிலம் செய்யும் வேலையை ஒரு தானியம் எங்ஙனம் செய்கின்றது? தானியத்தில் உள்ள எப்பொருள் அதனைச் செய்கின்றது? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கவில்லை.

தானியம் முளைகட்டும் முறையை நம் நாட்டுத் தாய்மார் நன்கறிவர். கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியிற் கட்டி, முளை வந்தபின் உலர்த்தி, வறுத்து அரைத்துக் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகின்றனர். முளைகட்டாத கேழ்வரகு மாவு களியாக இறுகும். முளைகட்டிய மாவிற் காய்ச்சிய கஞ்சியோ நெகிழ்ந்து, சற்று இனிப்பும் பெற்றிருக்கும். ஐரோப்பாவில் வாற்கோதுமையை இவ்வாறே முளைகட்டி உலர்த்தி மது வடிப்பர். இரு நாட்டாரும் கண்ட நிகழ்ச்சி ஒன்றே. காரணத்தை இருவரும் அறிந்திலர்.

1833-ஆம் ஆண்டில் பாயேனும், ழான் பிரான்ஸ்வா பெர்ஸோ என்னும் இளம் இரசாயனியும் இக்காரணத்தைத் தேடிப் புறப்பட்டனர். முளைத்த வாற்கோதுமையை இடித்துக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து வடித்தனர். வடித்த நீரை ஏறத்தாழ 70 பாகை வெப்பத்துக்குச் சூடாக்கவே, வேண்டாத பொருள்களிற் பெரும்பகுதி திரிந்து தனித்தது. அதனை நீக்கி, எஞ்சிய தெளிநீரிற் சாராயத்தைச் சேர்த்தபோது வெள்ளைத் துகள்கள் படிந்தன. அத்துகள்களை மறுபடியும் நீரிற் கரைத்து, மறுபடியும் சாராயத்தாற் படியச்செய்து, குறைந்த வெப்பத்தில் உலர்த்தினர். கிடைத்தது வடிவமற்ற வெண்பொடி. அதுவே அவர்கள் தேடிய பொருள்.

அப்பொடியின் ஆற்றலை அளந்தபோது அவர்களே வியந்தனர். பொடி ஒரு பங்கு, மாச்சத்து 2000 பங்கை இளக்கி நீர்த்துப்போகச் செய்யப் போதியதாயிருந்தது. மாச்சத்து அயோடினுடன் நீலநிறம் காட்டும் என்பது அதற்கு ஏறத்தாழ இருபதாண்டு முன்னரே அறியப்பட்டிருந்தது. வெண்பொடி வேலை செய்யச் செய்ய அந்நீலம் செவ்வூதாவாகி, இறுதியில் முற்றும் மறையும். 65 முதல் 75 பாகை வரையுள்ள வெப்பத்தில் அதன் வேலை விரைந்து நடந்தது. கொதிக்கவைத்தாலோ அதன் ஆற்றல் ஒழிந்தது, ஆறியபின்னும் மீளவில்லை. அமிலத்தை எத்துணைக் கொதிக்கவைப்பினும் அதன் வேலை நில்லாது. ஆகவே தாம் கண்டது அமிலத்தின் இனத்தைச் சேர்ந்ததன்று, உயிர்ப்பொருளிலிருந்து தோன்றிய வேறோர் ஆற்றல் என்பது அவர்களுக்குத் தெளிவாயிற்று.

பிரித்தல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அதற்கு டயாஸ்டேஸ் எனப் பெயரிட்டனர். மாச்சத்து மணியின் புறத்தோலை உட்பொருளினின்று பிரிப்பதே அதன் தொழில் என அவர்கள் எண்ணியதே அப்பெயருக்குக் காரணம். அவ்விளக்கம் பின்னர் நிலைபெறவில்லை. மாச்சத்து, சர்க்கரைக் கூறுகள் சங்கிலிபோல் நீளத் தொடுக்கப்பெற்ற பொருள் என்றும், டயாஸ்டேஸ் அச்சங்கிலியைத் துண்டிக்கின்றது என்றும், துண்டங்களுட் பெரியவை டெக்ஸ்ட்ரின் எனவும் சிறியவை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரை எனவும் வழங்குவன என்றும் பிற்காலத்தார் நிறுவினர். முளைத்த தானியத்தில் இருப்பதும் ஒரு கத்தியன்று, இரண்டு: ஒன்று சங்கிலியை நடுவிடத்தில் ஆங்காங்கே வெட்டும், மற்றொன்று நுனியிலிருந்து இவ்விரண்டு கூறாகக் கொய்துகொண்டே வரும். முன்னது இல்லாமற் கஞ்சி விரைவில் இளகாது. பின்னது இல்லாமல் இனிப்பு மிகாது. இன்று இவற்றை ஆல்பா அமிலேஸ், பீட்டா அமிலேஸ் என்று வழங்குகின்றோம். விளக்கம் தவறாயினும் கண்ட உண்மை தவறவில்லை. சோதனையைச் செம்மையாகச் செய்தவன் கருத்திற் பிழைபட்டாலும், அவன் உழைப்பு வீண்போவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

நொதி அல்லது என்ஸைம் என்று இக்காலத்து வழங்கும் பொருள்களுள் முதன்முதல் தனியே பிரித்தெடுக்கப்பட்டது இந்த டயாஸ்டேஸே என்பர். தான் அழியாமல் பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்தும் ஆற்றலுக்கு ஸ்வீடன் நாட்டுப் பெர்ஸீலியஸ் சில ஆண்டுகளிற் பெயரிட்டபோது, டயாஸ்டேஸின் செயலையும் சான்றுகளுள் ஒன்றாகக் காட்டினார். என்ஸைம் என்னும் சொல்லை ஜெர்மானியராகிய கூனே 1870-களிற் புனைந்தார். நொதிகளின் பெயர்கள் பெரும்பாலும் ஏஸ் என முடியும் வழக்கம் டயாஸ்டேஸ் என்னும் பெயரின் ஈற்றிலிருந்தே வந்தது. 1926-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஸம்னர் ஒருவகை அவரை விதையினின்று வேறொரு நொதியைப் படிகமாக எடுத்து, அது புரதமே எனக் காட்டினார். கொதிநீரில் டயாஸ்டேஸ் தன் ஆற்றலை இழந்ததன் காரணமும் அதனால் விளங்கிற்று: முட்டையின் வெண்கரு வெந்தபின் பழைய நிலைக்கு மீளாததைப் போன்றதே அது.

தானியத்துக்கு இந்நொதி எதற்காக? மண்ணில் விழும் கோதுமைமணியைப் பற்றி நம் கல்லூரி ஆலயத்திற் பலகாலும் கேட்டிருக்கின்றோம். மணிக்குள் சேமிக்கப்பட்ட மாச்சத்து நீரிற் கரையாதது; கரையாத உணவு முளையின் வாய்க்கு எட்டாது. முளைக்கும் காலத்தில் மணி தானே டயாஸ்டேஸைத் தோற்றுவித்து, மாவைச் சர்க்கரையாக்கி இளம்பயிரை ஊட்டுகின்றது. தாய் தன் சேமிப்பைக் கரைத்துச் சேயை வளர்க்கும் இவ்வேற்பாட்டையே மனிதன் தன் தொழிலுக்குப் பயன்படுத்திக்கொண்டான்.

பஞ்சும் மரமும் ஒரு பொருளே

மாச்சத்தை ஆராய்ந்த பாயேன் அடுத்துத் தாவரங்களின் உடலையே ஆராயத் தொடங்கினார். ஓக், பீச் முதலிய மரங்களின் கட்டையையும், பருத்திப் பஞ்சையும், வேர்நுனிகளையும் எடுத்து, அமிலங்களாலும் காரங்களாலும் பிற கரைப்பான்களாலும் திரும்பத்திரும்பத் தூய்மை செய்தார். பொருளுக்குப் பொருள் வேறுபட்ட பிசின், நிறம், மரத்தன்மை ஆகியவை நீங்கியபின், எல்லாவற்றிலும் எஞ்சியது ஒரே வெண்ணிற நார்ப்பொருள். அதனை எரித்துக் கூறுபடுத்தி அளந்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 44 பங்கு கரியும் 6 பங்கு ஹைட்ரஜனும் எஞ்சியது ஆக்ஸிஜனுமாக இருந்தது. மாச்சத்தின் கூறுகளும் அவ்வளவே! 1838-ஆம் ஆண்டில் இதனை அவர் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின்முன் வைத்தார். கழகத்தார் அமைத்த குழுவின் 1839-ஆம் ஆண்டு அறிக்கையில் அப்பொருள் செல்லுலோஸ் என்னும் பெயருடன் உலகுக்கு அறிமுகமாயிற்று. செடிகொடிகளின் உயிரணுச் சுவரை ஆக்கும் பொருள் என்பது அப்பெயரின் கருத்து.

உண்ணும் மாவும் உடுக்கும் பஞ்சும் ஒரே கூறுகள் ஒரே அளவிற் சேர்ந்து ஆனவை என்னும் இவ்வுண்மை கேட்டார்க்கு வியப்பளிக்கும். பின்னை ஒன்று வெந்நீரிற் குழைந்து கஞ்சியாகவும், மற்றொன்று ஆண்டுக்கணக்கில் வெயிலையும் சலவையையும் தாங்கும் ஆடையாகவும் இருப்பது எதனால்? பாயேன் காலத்தில் இதற்கு விடை இல்லை. 1920-களில் ஹாவர்த், ஸ்டாடிங்கர் முதலியோர் செய்த ஆராய்ச்சிகளால் அது தெளிவாயிற்று. இரண்டும் குளுகோஸ் என்னும் ஒரே செங்கல்லாற் கட்டப்பட்டவை. செங்கற்களை இணைக்கும் முறையே வேறு. மாச்சத்தில் இணைப்பு ஒருபுறமாக அமைதலின் சங்கிலி சுருண்டு வளையும். செல்லுலோஸில் ஒவ்வொரு கூறும் முன்னதற்குத் தலைமாறி நிற்றலின் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு நெருங்கிப் பிணைந்து நாராகும். நொதியோ இவ்வேற்றுமையை அறியும். பூட்டுக்கு ஏற்ற திறவுகோலே பூட்டைத் திறக்கும் என்று 1894-ஆம் ஆண்டில் எமில் பிஷர் கூறிய உவமை இங்குப் பொருந்தும். டயாஸ்டேஸ் என்னும் திறவுகோல் மாச்சத்தைத் திறக்கும். செல்லுலோஸ் என்னும் பூட்டில் அது நுழையாது.

திறவுகோலைக் கண்டவரும், அது நுழையாத பூட்டுக்குரிய பொருளைக் கண்டவரும் ஒருவரே என்பதுதான் பாயேன் வரலாற்றின் சிறப்பு. இவ்விரண்டும் சேர்ந்து நெசவுத் தொழிலுக்கு ஆற்றிய உதவியைச் சற்றுப்பின் கூறுவோம்.

ஆசிரியப் பணியும் இறுதி நாளும்

தொழிலிற் செல்வமும் ஆராய்ச்சியிற் புகழும் பெற்ற பாயேன், தம் அறிவைப் பூட்டிவைத்தாரல்லர். பொறியியல் கற்பிக்கும் பாரிஸ் மத்தியக் கலாசாலையில் தொழில் இரசாயனம் கற்பித்தார். 1839 முதல் கலைத்தொழிற் காப்பகம் எனப்படும் பெருநிலையத்தில் ஆசிரியராக விளங்கினார். அந்நிலையத்தின் சொற்பொழிவுகளுக்குக் கட்டணம் கிடையாது. பகலில் உழைத்த தொழிலாளரும் பட்டறை உரிமையாளரும் மாலையில் வந்து கேட்டனர். தொழிற்சாலையில் தோன்றிய கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடைகண்டு, அவ்விடையைத் தொழிற்சாலைக்கே திருப்பியளித்தலைப் பாயேன் தம் கடனாகக் கொண்டார்.

1842-ஆம் ஆண்டில் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1845-இல் ஐரோப்பா எங்கும் உருளைக்கிழங்குப் பயிரை அழித்த கொள்ளைநோயை அவர் ஆராய்ந்தார். 1849-ஆம் ஆண்டில் தொழில் இரசாயனம் பற்றிய அவர் பெருநூல் வெளிவந்தது. உணவுப் பொருள்களைப் பற்றியும் நூல் இயற்றினார். அவருடன் டயாஸ்டேஸைக் கண்ட பெர்ஸோவும் துணித்தொழிலை மறவாதவர். துணிகளில் அச்சிடும் கலையைப் பற்றி 1846-இல் அவர் வெளியிட்ட பெருநூல் அத்துறைக்கு நெடுங்காலம் ஆதாரமாக விளங்கிற்று. டயாஸ்டேஸின் வேலையாற் பிறக்கும் டெக்ஸ்ட்ரின், சாயத்தைக் குழம்பாக்கித் துணியில் அச்சிடுவதற்கு வேற்றுநாட்டுப் பிசினுக்கு ஈடாகப் பயன்பட்டமை இருவர்க்கும் உவகை அளித்திருக்கும்.

1870-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டது; உணவின்றி மக்கள் வாடினர். முற்றுகை நீங்கியதும் நகரில் உள்நாட்டுக் கலகம் மூண்டது. பீரங்கி முழக்கத்துக்கிடையே, 1871-ஆம் ஆண்டு மே மாதத்தில், எழுபத்தாறாம் வயதிற் பாயேன் காலமானார். புரட்சியின் நடுவே பிறந்தவர் கலகத்தின் நடுவே மறைந்தார். இடைப்பட்ட காலமெல்லாம் அமைதியான உழைப்பிலே கழிந்தது. அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் செல்லுலோஸ் பிரிவினர், அத்துறையில் சிறந்த ஆராய்ச்சியாளர்க்கு 1962 முதல் பாயேன் பெயரால் பரிசு வழங்கி அவர் நினைவைப் போற்றி வருகின்றனர்.

சோமனூர்த் தறியும் பாயேனும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். விசைத்தறியில் நாடா நிமிடத்துக்கு நூறுமுறைக்குமேல் குறுக்கே ஓடும். அத்தனை முறையும் பாவு இழைகள் மேலும் கீழும் இழுபட்டு, விழுதிலும் அச்சிலும் உராயும். வெறும் பருத்தியிழை அவ்வுராய்வில் மயிர்சிலிர்த்து அறுந்துபோம். ஓரிழை அறுந்தால் தறியை நிறுத்தி முடியவேண்டும். தறி நின்றால் மீட்டர்க் கணக்கிற் கூலி பெறும் நெசவாளியின் வருவாயும் நிற்கும். ஆகையால் நூலின்மேல் மெல்லிய கஞ்சிப் போர்வை இன்றியமையாதது. கைத்தறிக் காலத்தில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தோய்த்துப் பாவாற்றியால் நீவிவிடுவர். இன்று சைசிங் ஆலைகளில் பாவு கஞ்சித்தொட்டியினூடே சென்று, பிழியப்பட்டு, சூடான உருளைகளின்மேல் உலர்ந்து பீமிற் சுற்றப்படுகின்றது. சேலம் பகுதியில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் மாவும், மக்காச்சோள மாவும் இக்கஞ்சிக்கு உதவுவன.

கஞ்சியிடுதல் எளிய செயல்போலத் தோன்றும், உண்மையில் நுட்பமானது. மாவை அப்படியே காய்ச்சினால் களிபோல் தடித்து, இழைக்குள் இறங்காமல் மேலே படிந்து, தறிக்கடியில் தூளாக உதிரும். மிக நீர்த்தாலோ இழையைப் பற்றும் வலிமை இராது. மாச்சத்தின் நெடுஞ்சங்கிலியை வேண்டிய அளவு மட்டும் குறுக்கினாலன்றி நல்ல கஞ்சி அமையாது. இதற்குரிய வழிகளுள் ஒன்று நொதியை இட்டுக் கஞ்சியை இளக்குதல். இளகிய பதம் வந்தவுடன் கொதிக்கவிட்டால் நொதியின் வேலை நின்றுவிடும்; பதம் அவ்வளவில் நிலைக்கும். கொதிநீரில் டயாஸ்டேஸ் ஆற்றலிழக்கும் என்று 1833-இற் கண்ட உண்மையே இங்குத் தொழிலாளியின் கைக்கருவியாகின்றது.

நெய்தபின் நிலைமை தலைகீழாகும். நூலைக் காத்த கஞ்சியே இப்போது தடையாம். அதனூடே வெளுப்பு மருந்தும் சாயமும் செவ்வையாகப் புகா. வெந்நீரில் அலசினால் மட்டும் உலர்ந்த மாச்சத்துப் படலம் முற்றும் நீங்காது. பழங்காலத்தில் துணியை நனைத்து ஒருநாள் முழுதும் ஊறப்போட்டுவிடுவர். காற்றிலும் நீரிலுமுள்ள நுண்ணுயிர்கள் பெருகிக் கஞ்சியைத் தின்னும். காலம் நீளும், கவனம் தவறினால் அவ்வுயிர்கள் துணியையும் கெடுக்கும். மற்றொரு வழி நீர்த்த அமிலம். அமிலத்துக்கோ மாச்சத்தென்றும் செல்லுலோஸென்றும் வேற்றுமை தெரியாது. கஞ்சியின் சங்கிலியை அறுக்கும் அது பருத்தியின் சங்கிலியையும் அறுக்கும். வலிமை சற்று மிகுந்தாலும், நேரம் சற்று நீண்டாலும், அல்லது அமிலம் துணியிலேயே உலர்ந்தாலும், துணி நைந்து கிழியும். நெசவாளியின் உழைப்பெல்லாம் ஒரு தொட்டியில் அழிந்துபோம்.

இவ்விடத்தில் பாயேனின் இரு கண்டுபிடிப்புகளும் கைகோத்து நிற்கின்றன. டயாஸ்டேஸ் கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியைத் தோய்த்தால் மாச்சத்து மட்டும் கரையும். செல்லுலோஸ் அப்படியே நிற்கும். முளைத்த வாற்கோதுமைச் சாறு இவ்வேலைக்கு நெடுநாள் பயன்பட்டது. 1894-இல் ஜப்பானியராகிய தகமீனே கோதுமைத் தவிட்டில் பூஞ்சைக்காளானை வளர்த்து டயாஸ்டேஸ் எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்டீரியாக்களிலிருந்து மிகு வெப்பத்தைத் தாங்கும் நொதிகள் எடுக்கப்பட்டன. இன்று துணியின் கஞ்சியை அகற்றுவதில் அவையே பெரிதும் வழங்குகின்றன. திறவுகோலைச் செய்யும் கொல்லன் மாறினான், திறவுகோல் அதுவே. கஞ்சி நீங்கிற்றா என்பதை அறியத் துணியில் அயோடின் துளி இட்டு நீலம் தோன்றுகின்றதா எனப் பார்க்கின்றனர். அக்காலத்துப் பாரிஸ் ஆய்வுக்கூடத்தில் கண்ட நீலமும் அதுவே.

ஒன்றை மட்டும் மறைத்தல் கூடாது. நொதி கஞ்சியைக் கரைக்கின்றதேயன்றி இல்லாமற் செய்வதில்லை. டெக்ஸ்ட்ரினும் சர்க்கரையுமாகிய அது கழிவுநீரோடு செல்கின்றது. அந்நீரை அப்படியே ஆற்றில் விட்டால், நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு பெருகி நீரிலுள்ள ஆக்ஸிஜனைக் குடித்துவிடும், மீன்கள் மாளும். நொய்யலாற்றின் கதையை நம்மவர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. சாயக்கழிவின் காரணமாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆணையிட்டதும், அதனால் பல்லாயிரவர் வேலையிழந்து தவித்ததும் பலர் நினைவிலிருக்கும். அமிலத்தின் இடத்தை நொதி கொள்வதால் துணிக்கும் தொழிலாளிக்கும் நேரும் தீங்கு குறைகின்றது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் கடன் குறைவதில்லை. கழிபொருளையே முதலாக்கிய பாயேனின் மாணவர் எனச் சொல்லிக்கொள்ள விரும்புவார்க்கு இங்கே செய்யவேண்டிய வேலை மிகுதி.

முடிவுரை

பாயேனின் வாழ்க்கை நம் மாணவர்க்குக் கற்பிப்பது யாது? அவர் பெரிய வினாக்களைத் தேடி நெடுந்தொலைவு செல்லவில்லை. வெண்காரம் ஏன் இவ்வளவு விலை, சாறு ஏன் கறுக்கின்றது, முளைத்த தானியம் ஏன் இனிக்கின்றது, பஞ்சும் கட்டையும் எதனால் ஆயின என்று, கண்முன் கிடந்த பொருள்களையே வினவினார். விடைகாணும்வரை நிறுத்தும் அளந்தும் பார்த்தார். அவ்வளவே. அவ்வளவிலிருந்து நொதியியலும் செல்லுலோஸ் இரசாயனமும் ஆகிய இருபெரும் துறைகள் கிளைத்தன.

சோமனூரிலிருந்தும் அதனையொத்த ஊர்களிலிருந்தும் நம் கல்லூரிக்கு வரும் மாணவர் சிலர், வீட்டின் தறியும் கஞ்சித்தொட்டியும் தம் படிப்பொடு தொடர்பற்றவை எனக் கருதுகின்றனர்; அவற்றைப் பிறரிடம் சொல்லவும் கூசுகின்றனர். கூசுதற்கு ஒன்றுமில்லை. பாடநூலில் தாம் மனனம் செய்யும் அமிலேஸ் என்னும் பெயரும் செல்லுலோஸ் என்னும் பெயரும், அத்தொட்டியையும் அத்தறியையும் போன்ற இடங்களிலிருந்தே புறப்பட்டு வந்தவை. கஞ்சியின் பதத்தை விரலால் தொட்டறியும் தந்தையார்க்குத் தெரிந்தது ஒன்று. அப்பதத்தின் காரணத்தை அறிந்த மகனுக்குத் தெரிந்தது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரு மனையில் ஒன்றுசேருமாயின், பாயேன் தம் தந்தையாரின் தொழிற்சாலையிற் பெற்ற பேறு அம்மனைக்கும் உண்டு. அத்தகைய மாணவர் நம்மிடையே பலராகுக!